கெடு தேதிகளோடு ஒரு மாதம்

மார்ச் 1
கட்ட வேண்டியதெல்லாம் ஒரே தாளில் ஏறட்டும்: யாருக்கு, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, கெடு எந்தத் தேதி, தவறினால் எது கைவிட்டுப் போகும். வரிசையைத் தீர்மானிப்பது அந்தக் கடைசிக் கேள்விதான். வாடகை, மின்சாரம், தண்ணீர் முதலில். அடுத்து அடமானக் கடன். தவணை நின்றால் வைத்த பொருளே போய்விடும். ஈடு இல்லாத கடன்கள் அதற்குப் பின்னால். நடப்பதென்னவோ தலைகீழ்: தினம் நாலு தடவை போன் செய்பவர்தான் முதலில் வாங்கிக்கொண்டு போகிறார்.

மார்ச் 3
தானாகப் பிடிக்கும் தவணை, சம்பளத்துக்கு முந்தின நாள் வந்து நின்றால் காசில்லாமல் திரும்பும். வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார். தேதியைச் சம்பளத்துக்கு 3, 4 நாள் பின்னால் தள்ளச் சொல்லி எழுதிக் கேளுங்கள். மாற்றம் உறுதியாகும்வரை பழைய தேதிக்கே பணம் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

மார்ச் 8
கிரெடிட் கார்டு பாக்கி 50,000, வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2,500 கட்டினால் 1,500 வட்டிக்கே சரி. அசலில் கழிவது 1,000. அதோடு விடாது. பாக்கி வைத்துவிட்டால் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லா நாட்களும் போய்விடும். புதிதாக வாங்குவதற்கு அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். பாக்கி தீரும்வரை அந்தக் கார்டைத் தேய்க்கவே கூடாது. அதில் ரொக்கம் எடுப்பது இன்னும் மோசம்.

மார்ச் 12
மிச்சப் பணம் வட்டி அதிகமான கடனுக்கு. வட்டி வித்தியாசம் 1, 2 சதவீதம்தான் என்றால் சின்னக் கடனை முடிக்கலாம். ஒரு கெடு தேதி ஒழியும். கூடுதலாகக் கட்டும்போது அசலில் வரவு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தவணைக்கு முன்பணமாகப் போட்டுவிடுவதுண்டு.

மார்ச் 19
எல்லாக் கடனையும் ஒன்றாக்கும் புதுக் கடன் தவணையைக் குறைக்கும், உண்மைதான். 1,00,000-க்கு ஆண்டு வட்டி 24 சதவீதம், 12 மாதம் என்றால் தவணை 9,456. மொத்த வட்டி சுமார் 13,500. அதையே 15 சதவீதத்தில் 36 மாதமாக்கினால் தவணை 3,467, வட்டியோ சுமார் 24,800! சதவீதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள் மாதங்களை எண்ணுவதில்லை.

மார்ச் 26
அடுத்த மாதம் முடியாது என்று இன்றே தெரிந்தால் இன்றே எழுதுங்கள். எவ்வளவு தர முடியும், எந்தத் தேதியில் என்று திட்டமாக. கெடு தாண்டிய பிறகு கேட்டால், ஏறிய அபராதத்தையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். தொகையைக் குறைத்து முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது போனில் சொன்னால், அது கடிதமாகக் கைக்கு வந்த பிறகே பணம்.