'அவேர்' என்றால் அடித்துச் சொல்லுதல்

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜீஆர்ஈ பரீட்சைக்கு நான் படித்தது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி பஸ் இரைச்சலுக்கும் கடற்கரை ரயில் சத்தத்துக்கும் நடுவில். சொற்பட்டியல் அகரவரிசையில் போனதால் ஏ, வீ, ஈ, ஆர் என்ற நாலெழுத்து ஆங்கிலச் சொல் முதல் வாரமே வந்துவிட்டது. நம்முடைய 'அவர்' போலவே அதை வாசித்து, பக்கத்தில் 'நிரூபித்தல்' என்று எழுதிவிட்டுக் கடந்தேன். வெரிஃபை, வேர்டிக்ட் போன்றவற்றில் இருக்கும் 'உண்மை' என்ற லத்தீன் வேர்தான் இதற்குள்ளும் இருக்கிறது என்று படித்திருந்தேன். அரைகுறை அறிவு.

உச்சரிப்பு 'அவேர்'. அழுத்தம் பின்பாதியில். அதனால்தான் இறந்தகாலத்தில் 'ஆர்' இரட்டிக்கிறது, ரெஃபர், ப்ரிஃபர் போல. ஓஃபருக்கு அழுத்தம் முன்னால், அங்கே இரட்டிக்காது. அந்த இறந்தகால வடிவம் காதுக்கு 'அவேர்ட்'. தடுத்தல் என்ற பொருளில் வேறொரு 'அவேர்ட்' இருக்கிறது. மாதிரித் தாளில் இரண்டையும் குழப்பினேன். ஆறு தெரிவில் பொருந்தும் இரண்டை எடுக்கிற கேள்வி அது. ஒன்று பிழைத்தால் மற்றதற்கும் புள்ளி இல்லை.

பொருள் பிடிபட்டது கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில். பிறப்புச் சான்றிதழில் என் பெயருக்கு ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போட்டில் இன்னொன்று. (எங்கட ஆக்களுக்கு இது புதினமில்லை.) இரண்டும் நான்தான் என்று சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) முடிக்க ஒரு சட்டத்தரணியிடம் போனபோது அவருடைய கிளாக்கர் ஐயா கேட்டார்: "தம்பி, நீர் சைவம்தானே? அப்ப 'அஃபேர்ம்', உறுதிமொழி. வேதக்காரர் எண்டா 'ஓத்', சத்தியம் எண்டு போடுவம்."

"அப்ப 'அவேர்' எங்க வரும் ஐயா?"

சிரித்துக்கொண்டே ஒரு பழைய வழக்குக் கோவையை விரித்தார். "இஞ்ச பாரும். அஞ்சாம் பந்தியில உள்ள 'அவேர்மென்ட்' எல்லாத்தையும் எதிராளி மறுக்கிறார்."

மறுக்க முடிகிறதென்றால் அது நிரூபணம் இல்லையே! ஒருவர் உண்மையென்று உறுதியாக முன்வைப்பது, அவ்வளவுதான். நாங்கள் 'அடிச்சுச் சொல்லுறார்' என்போமே, அது. அசேர்ட் இதற்குக் கிட்டிய கூட்டாளி. அலெஜ் வேறு: அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு குற்றம், எழுதுபவரும் அதற்குப் பொறுப்பேற்காமல் தள்ளி நிற்பார். வினாவில் பேசுபவரின் குரலில் தயக்கமே இல்லையென்றால் அவேரைத் தேடுங்கள்.

வசனத்தில் இதன் பின்னால் 'தட்' வரும், ஆள் வராது. 'ஷீ அவேர்ட் மீ' என்றால் பிழை. அது, ஒருவருக்கு உறுதியளித்தல் என்ற பொருளுள்ள அஷூர் செய்கிற வேலை.

ஆசைப்பட்டுக் கட்டுரையில் மூன்று இடத்தில் செருகினேன். திருத்திய அக்கா மூன்றையும் வெட்டினா. சந்தையில் மீன்காரர் "விடியப் பிடிச்ச மீன்" என்று அடித்துச் சொல்வதும் பொருளால் அவேர்தான். ஆனால் மீனைப் பற்றி அந்தச் சொல்லில் எழுதினால், மீன்காரருக்குக் கோட் போட்டுவிட்ட மாதிரி இருக்கும்.