உதவித்தொகை கொடுக்கப் போய் வாடகை கட்டிய கதை

பணம் வாங்குவதற்குத்தான் படிவம், கையெழுத்து, அலைச்சல் எல்லாம் என்று நினைத்திருந்தேன். கொடுப்பதற்கும் ஏழு மாதம் ஆனது.

படிக்கும்போது பன்னாட்டு மாணவர் இல்லம் ஒன்றில் இரண்டு ஆண்டு தங்கியிருந்தேன். 1909-இல் நியூயார்க்கில் ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் ஒரு சீன மாணவருக்குக் காலை வணக்கம் சொல்ல, 'வந்து மூன்று வாரமாகிறது, என்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான்' என்றாராம் அவர். 1924-இல் அங்கே திறந்த இன்டர்நேஷனல் ஹவுஸுக்கு அதுதான் வித்து. நான் இருந்தது வேறு இல்லம். எனக்கும் அங்கே பொதுச் சமையலறையில்தான் பேச்சுத்துணை கிடைத்தது. வசதியில்லாத ஒருவருக்கு அங்கே பாதி வாடகையாவது கொடுக்க ஆசை.

முதல் சறுக்கல் என்னுடையது. 'நிரந்தர நிதி' என்ற பெயரில் மயங்கிவிட்டேன். நாம் கொடுத்த அசலைத் தொடமாட்டார்கள், வழக்கமாக ஆண்டுக்கு 4, 5 சதவீதம்தான் எடுத்துக் கொடுப்பார்கள். என் தொகைக்கு அது ஒரு மாத வாடகைக்கே காணாது. மாதச் சம்பளக்காரர்களுக்கு, அந்தந்த ஆண்டே செலவழியும் நிதிதான் சரி. ஆளை நாம் கைகாட்ட முடியாது, தேர்வுக்குழுதான். முன்னுரிமையை ஒப்பந்தத்தில் எழுதலாம்.

அப்புறம்தான் கூத்து. அடையாளம் தெரியட்டுமே என்று, பணம் அனுப்பும்போது குறிப்பில் என் பழைய அறைவாசி எண்ணைப் போட்டேன். கணக்குப் பிரிவு அதை வாடகையாக வரவு வைத்து, 'நிலுவை ஏதும் இல்லை, நன்றி' என்று ரசீதும் அனுப்பிவிட்டது! தொலைபேசியில் கேட்டால், 'வாடகைக் கணக்கில் வந்ததைத் திருப்பித்தான் அனுப்ப முடியும்' என்று ஒரே சாதிப்பு. நன்கொடைப் பிரிவோ, 'எங்களுக்கு எதுவும் வரவில்லையே' என்றது. இரண்டும் எதிரெதிர் அறைகள், நானே பார்த்திருக்கிறேன். ஆறு வாரம் கழித்து இரு பிரிவையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து, ஒப்பந்தத்தையும் வங்கிச் சான்றையும் இணைத்தேன். மறுநாளே மாற்றினார்கள்.

மாற்றியும், பணம் வரும் வழியில் இடையில் ஒரு வங்கி கட்டணமாகப் பிடித்துக்கொண்டது போக, நிதிக்குப் பெயர் வைப்பதற்கான குறைந்தபட்சத் தொகைக்குக் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சத்தை அனுப்ப இன்னொரு கட்டணம். அனுப்பும்போதே 'கட்டணம் முழுதும் அனுப்புபவருக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பில் நிதியின் பெயர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இந்தப் பருவத்தில் முதல் மாணவர் வந்துவிட்டார். எந்த அறை என்று கேட்டேன். சொல்ல மாட்டார்களாம்.