வெருகலுக்கு நான்கு பாதை

எங்கள் பக்கத்தில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, நடந்து போகிற பாதை. மற்றது, பாலமில்லாத ஆற்றில் பஸ்ஸையும் சனத்தையும் மாட்டையும் மூட்டையையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு மிதந்து போகும் தட்டையான பலகைத் தளம். றோட்டு தண்ணீரில் முடிகிற இடத்தில் இந்தப் பாதை தொடங்கும். திருகோணமலையிலிருந்து, வெருகலாற்றங்கரையில் இருக்கிற முருகன், வெருகல் சித்திரவேலாயுதரிடம் போக முன்பெல்லாம் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று நான்கு பாதை ஏறி இறங்க வேண்டும். இப்போது நான்கு இடத்திலும் பாலம் இருக்கிறது.

ஆவணித் திருவிழாவுக்குப் போக வான் பிடித்தபோது, காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டாலே போதும் என்றேன். அம்மா கேட்கவில்லை. நாலரைக்கே எழும்பிக் குளித்து, சேலைத் தலைப்பில் நான்கு கற்பூரக் கட்டியை முடிந்துகொண்டு வாசலில் நின்றார். ஏன் நான்கு என்று நான் கேட்கவில்லை. சாமிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற சிவன், கோணேசரைக் கும்பிடாமல் எந்தப் பயணமும் தொடங்குவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். கோட்டை வாசலுக்குள் மான்கள் அரைத்தூக்கத்தில் படுத்திருந்தன. 1622இல் சித்திரைப் புத்தாண்டு நாளில் போர்த்துக்கேயர் இந்தக் கோயிலை இடித்தார்கள். அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். ஆகவே கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் பழைய கோயிலின் ஊடாகத்தான் போகிறோம் என்று எனக்குத் தோன்றும். 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. ஞானசம்பந்தர் இங்கே வந்ததில்லை. கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்தில் நின்றபடியே 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று பாடினார் என்பது மரபு. அவருக்குப் பாதையும் தேவைப்படவில்லை, பாலமும் தேவைப்படவில்லை.

சீனக்குடாவைத் தாண்டி வெள்ளைமணல் வந்ததும் அம்மா சாரதியின் தோளில் தட்டினார். "தம்பி, பாலத்தில ஏறாதேங்கோ. கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்கோ."

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. நீளம் 396 மீற்றர். வானில் போனால் அரை நிமிடம்கூட ஆகாது. ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. பாலத்தில் நின்று உள்பக்கம் பார்த்தால், அந்தத் தண்ணீருக்கு அப்பால் தம்பலகாமம் இருக்கிறது. கோணேசர் கோயில் இடிபட்ட பிறகு ஆதிகோணநாயகர் என்ற பெயரில் அவரை வைத்துக் கும்பிட்ட ஊர் அது.

அம்மா பாலத்தைப் பார்க்கவேயில்லை. பழைய துறையடிப் பக்கம் இறங்கிப் போய், ஒரு கல்லின் மேல் முதல் கட்டியை வைத்துக் கொளுத்தினார். கச்சான் காற்று விடவில்லை. மூன்று நெருப்புக்குச்சி அணைந்தது. நாலாவது குச்சிக்கு நான் இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தேன். நீலமாய்ப் பிடித்து, மஞ்சளாகி, கறுப்புப் புகையோடு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து எரிந்தது. முழுக்க எரிந்து கல்லில் கரிப்பொட்டு விழும்வரை அம்மா நகரவில்லை.

"அப்பம்மா ஒவ்வொரு துறையிலயும் இப்பிடித்தான். பாதை இஞ்சால வரும் வரைக்கும் முருகா முருகா எண்டு இருப்பா. பாதை வந்தாத்தான் எழும்புவா."

அப்பம்மாவின் வெருகல் பயணம் எனக்கும் மங்கலாக நினைவிருக்கிறது. முதல் நாளே புறப்பட வேண்டும். கட்டுச்சோறு, பாய், பித்தளைச் செம்பு. பஸ் வந்து துறையில் நிற்கும், சனத்தை இறக்கிவிட்டு, வெறும் பஸ்ஸைப் பாதையில் ஏற்றுவார்கள், பலகை கிறீச்சிடும், பிறகு நாங்கள் ஏறி பஸ்ஸின் ஓரமாக நிற்போம். பாதை அக்கரையில் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கிற சனத்தை நம்பித்தான் துறையடிக் கடைகள் இருந்தன. கிண்ணியாத் துறையில் தேத்தண்ணி ஆற்றுகிற முஸ்லிம் நானா ஒருவர் அப்பம்மாவைக் கண்டால், "வெருகலுக்கா ஆச்சி? எங்களுக்கும் சேத்துக் கேட்டுட்டு வாங்க" என்பார். அப்பம்மா திரும்பி வரும்போது அவருக்கென்று இரண்டு வாழைப்பழம் எடுத்துவைத்திருப்பார். பாலம் வந்தபின் அந்த வரிசைக் கடைகள் இல்லை. நின்று தேத்தண்ணி குடிக்க யாருக்கும் காரணமில்லையே.

பழைய காலத்தை இனிப்பாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இராத்திரியில் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு பாதைக்காகக் காத்திருந்தவர்களிடம் கேட்டால் வேறு கதை வரும். அவ்வளவு ஏன், 2021 நவம்பரில் இதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்துப்போனார்கள். உப்பாற்றுப் பக்கம் போகிற வழியில் அம்மா அதைத்தான் சொன்னார். அங்கே இரண்டாவது கட்டியைக் கொளுத்தியபோது அவர் வாயில் முருகா என்ற பேர் வரவில்லை, சும்மாதான் நின்றார்.

மூன்றாவது, கங்கை. மகாவலியை நாங்கள் கங்கை என்றுதான் சொல்வோம். மத்திய மலையில் பிறந்து 335 கிலோமீற்றர் வந்த ஆறு கொட்டியாரக் குடாவில் கலக்கிற நேரத்தில் மிகவும் சோர்ந்துபோய், அசைகிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது. நாலாவது, இறால்குழி. இதற்குள் சாரதித் தம்பிக்கும் விஷயம் விளங்கிவிட்டது. சொல்லாமலே நிறுத்தினார், தன் லைட்டரையும் நீட்டினார். லைட்டர் நெருப்பில் சாமிக்குக் கொளுத்தலாமா என்று அம்மா ஒரு கணம் யோசித்தார். அப்புறம் வாங்கிக்கொண்டார்.

மூதூரில் பிளேன்ரீ குடித்தோம். 1660இல் றொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவருடைய தகப்பனும் பாய்மரம் உடைந்த கப்பலோடு இந்தக் குடாவில் ஒதுங்கி, கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். மகன் தப்பிப் போகப் பத்தொன்பது வருடம் பிடித்தது. இந்தக் கரையில் காத்திருப்பதில் அவரை வெல்ல ஆளில்லை.

மூதூருக்குப் பிறகு றோட்டு தெற்கே திரும்பும். இது ஏ 15, மட்டக்களப்பு வீதி. மைல் கணக்கு மட்டக்களப்பிலிருந்து வருவதால் மூதூர்ப் பக்கத்து இடத்துக்கு இன்றைக்கும் பெயர் 64ஆம் கட்டை, அதாவது 64ஆவது மைல்கல். கட்டைகள் கிலோமீற்றருக்கு மாறியும் ஊர்வாயில் மைல்தான் ஓடுகிறது. கிளிவெட்டி, சேருநுவர என்று வயலும் வாய்க்காலுமாகப் போகிறது வழி. வெருகலாற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற மாவிலாறு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2006 யூலையில் அதன் கதவைப் பூட்டியதில் இருந்துதான் கடைசி யுத்தம் பெரிதாய்ப் பிடித்தது. அந்த வருடம் சம்பூர், மூதூர் கிழக்குச் சனம் வெருகலாற்றைத் தாண்டிக் கதிரவெளி, வாகரை என்று இதே றோட்டால்தான் ஓடியது. எங்கள் சின்னம்மாவும் அதில் ஒருவர். "அண்டைக்குக் கோயிலடியால போனனாங்கள். நிண்டு கும்பிட நேரமில்ல, நடந்துகொண்டே கும்பிட்டனாங்கள்" என்பார்.

கதிர்காமப் பாதயாத்திரைக்காரரும் இந்த வழியால்தான் நடப்பார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு என்று ஒன்றரை மாதத்துக்கு மேல். அவர்கள் வெருகலில் தங்காமல் போவதில்லை.

கோயில் தெரிவதற்கு முன் மேளம் கேட்டது. வெருகலாறும் மகாவலியின் கிளைதான். காலையில் கங்கைப் பாலத்தில் பார்த்த அதே தண்ணீரின் இன்னொரு கை. ஆற்றங்கரையில் மரநிழலெல்லாம் சனம். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து லொறி கட்டி வந்தவர்கள், வாகரை, கதிரவெளிப் பக்கத்துக் கரையோர வேடர் குடும்பங்கள், பிள்ளைக்கு மொட்டை போட வந்தவர்கள். கோயிலின் பழைய கல்வெட்டில் மதில் கட்டிய உபயகாரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒருவர் கயிலாய வன்னியனார். சாமிக்குச் செய்ததையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களே என்று நான் சொன்னதற்கு, "வெட்டாட்டி உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அம்மா. சரிதான்.

எனக்கு அன்று மனதில் நின்றது கற்பூரச் சட்டி எடுத்த ஒரு பெண். அறுபது வயதிருக்கும். ஈரச்சேலை காலோடு ஒட்டியிருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் வேப்பிலை பரப்பி அதன்மேல் மண்சட்டி. பக்கத்தில் ஒரு சின்னப் பெடியன், பேரனாக இருக்க வேண்டும், பையிலிருந்து ஒவ்வொரு கட்டியாக எடுத்துச் சட்டிக்குள் போட்டுக்கொண்டே நடந்தான். சட்டி சூடேற வேப்பிலை சுருண்டு கருகும் மணம் வந்தது. அவர் முகத்தில் வலி தெரியவில்லை. கவனம்தான் தெரிந்தது, பால் பொங்கும்போது அடுப்படியில் நிற்பவரின் கவனம். மூன்றாம் சுற்றில் பெடியன் எங்கோ காவடியைப் பார்த்து வாய் பிளந்து நின்றுவிட்டான். "டேய், போடு" என்றார், சாமி நினைப்பிலிருந்து துளியும் விலகாத குரலில்.

திரை விலகியபோது எனக்கு முன்னால் நின்றவர் உயரமாக இருந்தார். ஒரு தீபமும் வேலின் மினுக்கமும் மட்டும் அவர் தோளுக்கு மேலால் கிடைத்தன. அது எனக்குப் போதுமாக இருந்தது. அம்மா என்ன பார்த்தார் என்று தெரியாது; வெளியே வந்து கனநேரம் பேசவில்லை. பிறகு ஆற்றில் இறங்கி முழங்காலளவு தண்ணீரில் மூன்று தரம் முங்கினார். அன்னதான மடத்தில் சோறும் பூசணிக்காய்க் கறியும் மோரும். நான் இரண்டு தரம் வாங்கினேன்.

சாமான் ஏற்றும்போது சாரதித் தம்பி ஆற்றுக்கு மேலே கையைக் காட்டினார். "பாலத்தால அங்கால போனா மட்டக்களப்பு மாவட்டம். ஒருக்காப் போய்த் திரும்புவமா, அம்மா?" அம்மா தலையாட்டினார், வேண்டாமென்று. "அப்பம்மா கதிர்காமம் பாத்ததில்ல. இதில நிண்டு தெக்குப் பக்கம் பாத்துக் கும்பிட்டிட்டுத்தான் திரும்புவா." அவரும் அப்படியே நின்று கும்பிட்டார்.

திரும்பும் வழியில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி, அது கவிழாமல் காலிடுக்கில் வைத்துக்கொண்டேன். இறால்குழி, கங்கை, உப்பாறு மூன்றும் எப்போது போயின என்று தெரியவில்லை. இருட்டிவிட்டது. கிண்ணியாப் பாலத்தின் விளக்குகள் வானுக்குள் வந்து வந்து போயின. அம்மா கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைமணல் கழிந்து கனநேரம் ஆனபிறகு, கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"மகன், கிண்ணியாப் பாதை வந்திட்டுதா?"

"தாண்டியிட்டம், அம்மா."