வட்டின் கடைசியில் இருந்த நகல்

அக்காவின் திருமணப் படங்கள் இருந்த 4 டெராபைட் வட்டைச் சென்ற வாரம் விண்டோஸ் கணினியில் செருகினேன். வட்டு இன்னும் தயார்செய்யப்படவில்லை, தயார்செய்யலாமா என்று கேட்டது. நெஞ்சு படபடத்தது, ஆனாலும் சம்மதிக்கவில்லை. படங்கள் அழிந்திருக்காது, வட்டைப் பிரித்த பகுதிகளில் (பகிர்வுகளில்) எது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பகிர்வு அட்டவணைதான் சிதைந்திருக்கும் என்று நம்பினேன்.

இந்த அட்டவணையின் பழைய வடிவமான எம்பிஆரின் சிக்கனம் எனக்கு இன்றும் வியப்புத்தான். 1983இல் ஐபிஎம் கணினிகளின் இயங்குதளமான பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. வட்டு செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும்; முதல் செக்டரின் 512 பைட்டில் 446 துவக்க நிரலுக்கு, 64 அட்டவணைக்கு, மீதி 2 அடையாள முத்திரைக்கு. ஒரு பகிர்வுக்கு 16 பைட், ஆகவே நான்கே முதன்மைப் பகிர்வுகள். செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் என்பதால் வழக்கமான வட்டில் 2.2 டெராபைட்டைத் தாண்ட முடியாது. பகிர்வின் வகைக் குறியீடு 07 என்றால் பெரும்பாலும் விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ், 83 என்றால் லினக்ஸ். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளமோ இதே பகிர்வை 'ஸ்லைஸ்' என்று அழைத்து, அதற்குள் தன் பகிர்வுகளை வைக்கிறது. இந்தப் பெயர்க் குழப்பம் தெளிய எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது.

என் வட்டில் இருந்தது ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை. அது அட்டவணையின் நகலை வட்டின் கடைசியிலும் வைத்திருக்கும். லினக்ஸில் ஜிடிஸ்க் நிரலைத் திறந்து அந்த நகலை ஏற்றினேன். பகிர்வின் தொடக்கம் 2048ஆவது செக்டர் என்று காட்டியது. சரிதான். எழுதச் சொன்னேன்.

முதலில் திறந்த படத்தில் அக்கா மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அன்றிரவே எல்லாவற்றையும் இன்னொரு வட்டில் படியெடுத்துவிட்டேன்.