எதிரணி அறையில் ஒரு டி-ஷர்ட்

காலையில் டீ ஆறும்வரை போனில் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2021 ஏப்ரல் 19, இங்கிலாந்தின் லீட்ஸ்-லிவர்பூல் கால்பந்து ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்.

லீட்ஸ் வீரர்களின் டி-ஷர்ட்டில், ஐரோப்பிய கிளப்புகள் ஜெயித்து இடம்பிடிக்கும் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் சின்னம். கூடவே, 'ஜெயித்து வாங்கு' என்கிற பொருளில் இரண்டே சொற்கள்.

அதே டி-ஷர்ட்டை லிவர்பூல்காரர்களின் உடை மாற்றும் அறையிலும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். என்ன குசும்பு!

முந்தின நாள்தான் லிவர்பூல் உட்பட 12 பணக்கார ஐரோப்பிய கிளப்புகள் சூப்பர் லீக் என்ற தனிப் போட்டியை அறிவித்திருந்தன. நிறுவிய கிளப்புகளுக்கு, தோற்றாலும் இடம் போகாது.

எங்கள் தெருவிலும் ஒருவன் இருந்தான். மட்டை அவனுடையது, அதனால் அவுட்டே ஆகமாட்டான்.

லிவர்பூல் பயிற்சியாளர் க்ளோப்புக்கு அந்த டி-ஷர்ட் பிடிக்கவில்லை. பாவம், முடிவெடுத்தது முதலாளிகள்.

ஆட்டம் 1-1. அப்புறம் அந்த 12-இல் ஒன்றான செல்சியின் மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் சாலையை மறித்தார்கள். 21ஆம் தேதி விடிவதற்குள் அந்தக் கூட்டத்தில் இருந்த ஆறு ஆங்கில கிளப்புகளும் பின்வாங்கிவிட்டன.

மட்டைக்காரன் மட்டும் கடைசிவரை அவுட் ஆகவில்லை.