தொடைப் பின்தசைக் காயம்: நோவு போன பிறகு இருந்த வேலை

வலது தொடையின் பின்பக்கம், உட்கார்ந்தால் கதிரையில் முட்டும் எலும்புக்குச் சற்றுக் கீழே. அங்கேதான் பிடித்தது. ரோமானியன் டெட்லிஃப்ட் செய்துகொண்டிருந்தேன், அதாவது எடை மாட்டிய இரும்புப் பாரைக் கையில் பிடித்து, முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பில் குனிந்து இறக்கி ஏற்றுவது. பாரில் 90 கிலோ. பார் முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கி, தசை முழுதாக இழுபட்டு நிற்கிற இடத்தில், உள்ளே ஏதோ சூடாக விட்டுக்கொடுத்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பாரை அப்படியே தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நடக்க முடிந்தது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால், நொந்த இடத்திலிருந்து ஒரு சாண் கீழே, முழங்காலுக்குக் கிட்ட, நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருந்தது. உள்ளே கசிந்த இரத்தம் மெல்ல இறங்கி இப்படித் தள்ளித்தான் தோலில் தெரியுமாம்.

நடக்கும்போது இருந்த நோவு சில கிழமைகளில் போய்விட்டது. அந்தத் தசை பாரம் தூக்கத் தயாராக மாதக்கணக்கில் எடுத்தது. இடைப்பட்ட அந்தக் காலத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஜிம்மில் பலர் இரண்டாம் தரம் பிடிக்கவைத்துக்கொள்வது அப்போதுதான். தொடைப் பின்தசை ஒருமுறை காயப்பட்டால் அதே இடம் மறுபடி காயப்படும் வாய்ப்பு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம்.

முதல் நாளே யோசனைகள் வந்துவிட்டன. ஜிம் நண்பன், "மச்சான், ரெண்டு நாள் விட்டிட்டு நல்லா இழுத்து ஸ்ட்ரெச் பண்ணு, சரியாகிடும்" என்றான். அம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டுமே அன்பில் வந்தவை. ஆனால் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கிற நாட்களில் சூடும் வேண்டாம், அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். எண்ணெயை நெற்றியில் வைத்து அம்மாவைச் சமாதானப்படுத்தினேன். கிரேப் பண்டேஜ் சுற்றினேன், பனடோல் போட்டேன். பாமசியில் நோவையும் வீக்கத்தையும் குறைக்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரை தரவா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். கொழும்பில் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் முதல் சந்தேகம் டெங்கு. டெங்கில் அந்த வகை மாத்திரைகள் இரத்தக்கசிவை மோசமாக்கும். தசைப்பிடிப்புக்கு என்று வாங்கி வீட்டில் வைத்திருந்து, பிறகு காய்ச்சல் உளைவுக்கும் அதையே எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஐஸ் வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நாலு சொல் மந்திரத்தை 1978இல் தந்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014இல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். நோவு தாங்காத நேரம் பத்து நிமிடம் வைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு கொள்ளுப்பிட்டியில் பிசியோதெரபி செய்கிற ஒரு அக்காவிடம் போனேன். குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லிக் குதிக்காலைப் பிடித்து எதிர்த்தள்ளினார். விரலால் எலும்பிலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்து எங்கே நோகிறது என்று கேட்டார். எழுந்ததும் சொன்ன முதல் வசனம்: "இழுத்து நீட்டாதேங்கோ. பாரம் குடுங்கோ, கொஞ்சங் கொஞ்சமா." அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

அவர் விளக்கியது இதுதான். தொடையின் பின்னால் மூன்று தசைகள். வேகமாக ஓடும்போது காயப்படுவது பெரும்பாலும் வெளிப்பக்கத்து பைசெப்ஸ் ஃபெமோரிஸ். வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து பாதியில் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், அநேகமாக அதுதான். காலை அகல நீட்டும் நடனக்காரர்களுக்குக் காயப்படுவது உட்பக்கத்து செமிமெம்பிரனோசஸ், அதுவும் மேல்நுனியில், எலும்போடு சேர்கிற இடத்துக்குக் கிட்ட. எனக்குப் பாரை இறக்கும்போது பிடித்ததும் இந்த இரண்டாவது வகை. சுவீடனைச் சேர்ந்த கார்ல் அஸ்க்லிங் இரண்டு வகையையும் தனித்தனியே பின்தொடர்ந்து 2007இல் வெளியிட்டிருக்கிறார். முதல் நாட்களில் அதிகம் முடங்கியவர்கள் ஓட்டக்காரர்கள். ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப, வரிசைப்படுத்தினால் நடுவில் வருகிற ஓட்டக்காரருக்கு எடுத்தது 16 கிழமை, நடுவில் வருகிற நடனக்காரருக்கு 50 கிழமை. லேசாகத் தெரிந்த காயம்தான் நீண்டு இழுத்திருக்கிறது. இதைக் கேட்ட பிறகு அவசரப்பட எனக்கு மனம் வரவில்லை.

காயம் இருக்கும் இடத்தால் உட்காருவதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலி வீதியில் 101 பஸ்ஸில் போனால், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து அந்த எலும்பு சீட்டிலேயே அழுந்திக் கிடக்கும். ரயிலில் நின்றுகொண்டு போகலாம், கடற்காற்றும் வரும். ஆனால் மேடைக்கும் பெட்டிக்கும் நடுவில் உயரமாக ஏறவேண்டும். இடது காலை முதலில் வைத்துக் கைப்பிடியைப் பிடித்து ஏறப் பழகினேன். அலுவலகத்தில் ஒரு துவாயை மடித்துக் கதிரை விளிம்பில் வைத்து, நொந்த இடம் அழுந்தாமல் உட்கார்ந்தேன். அடிக்கடி எழுந்து நடந்தேன். மாலையில் மரைன் டிரைவில் மெதுவான நடை. அங்கே ஏற்ற இறக்கம் இல்லை, அதனால் எந்த வேகத்தில் நோவு தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரிந்தது.

பயிற்சி மிகச் சின்னதாகத் தொடங்கியது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிக்காலைத் தரையில் ஊன்றி அழுத்திப் பிடித்திருப்பது. அசைவே இல்லை. பார்க்கிறவர்களுக்குச் சும்மா படுத்திருப்பது போலத்தான் தெரியும், அம்மாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் தசை வேலை செய்கிறது. காயத்துக்குப் பிறகு இரண்டாம் நாளே பயிற்சி தொடங்கியவர்களையும் ஒன்பது நாள் காத்திருந்து தொடங்கியவர்களையும் டென்மார்க்கில் ஒப்பிட்டிருக்கிறார்கள். 2017இல் வந்த அந்த ஆய்வில், முந்தித் தொடங்கியவர்கள் ஏறக்குறைய மூன்று கிழமை முந்தியே விளையாட்டுக்குத் திரும்பினார்கள்.

எவ்வளவு பாரம் சரி என்று அறிய அக்கா தந்த அளவு எளிமையானது. பத்துக்கு எத்தனை நோவு என்று கேட்டுக்கொள்ளவேண்டும். செய்யும்போது மூன்றுக்குள் இருக்கலாம். அடுத்த நாள் காலை கட்டிலை விட்டு எழும்பும்போது, முந்தின நாள் காலையைவிடக் கூடியிருக்கக்கூடாது. கூடியிருந்தால் ஒரு படி கீழே இறங்கவேண்டும். இந்தக் காலைக் கேள்வி இல்லாமல் நான் எங்கும் போயிருக்கமாட்டேன். ஜிம்மில் உடம்பு சூடேறியிருக்கும்போது எதுவும் நோகாது. உண்மை விடிந்த பிறகுதான் தெரியும்.

கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "துவாய் வழுக்கல். இரண்டு கால். இறக்கம் மட்டும். நோவு 2. காலையில் 1." துவாய் வழுக்கல் என்பது நான் வைத்த பெயர். வீட்டு டைல் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு குதிக்காலுக்கும் கீழே துவாயை வைத்து, இடுப்பைத் தூக்கி, குதிக்காலை மெல்ல மெல்ல முன்னால் வழுக்கவிடுவது. கால் நீள நீளத் தசை நடுங்கும். கடைசி ஒரு சாண் தூரத்தில்தான் என் வலது கால் சட்டென்று விட்டுவிடும், இடுப்பு தொப்பென்று தரையில் விழும். இடது காலில் அப்படி இல்லை. நடப்பதிலும் படியேறுவதிலும் எந்த நோவும் இல்லாத காலத்தில்தான் இது நடந்தது. தசை சுருங்கி நிற்கும்போது பலமாகத்தான் இருந்தது, நீண்டு நிற்கும்போதுதான் பலம் இல்லை. என்னைப் பிடித்தது அந்த நீண்ட நிலையில்தானே.

ஆகவே மிச்ச வேலை முழுவதும் அந்தக் கடைசி ஒரு சாணுக்காகத்தான். இரண்டு காலில் வழுக்கி, பிறகு இரண்டு காலில் போய் ஒற்றைக் காலில் தாங்கி, பிறகு ஒற்றைக் காலில் முழுதாக. அப்புறம்தான் பார். 20 கிலோ வெறும் பார், முழங்கால் வரை மட்டும், நாலு எண்ணும்வரை இறக்கம். முதலில் தூரத்தைக் கூட்டினேன், எடையைத் தொடவில்லை. பார் கீழ்க்காலின் நடு வரை நோவில்லாமல் போன பிறகுதான் பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் ஏறியது. சுவீடன் உதைபந்தாட்ட வீரர்களிடம் அஸ்க்லிங் 2013இல் பார்த்ததும் இதே பாதைதான். தசையை நீளவைத்துப் பாரம் கொடுத்த குழு சராசரி 28 நாளில் திரும்பியது, வழமையான பயிற்சி செய்த குழுவுக்கு 51 நாள் எடுத்தது. அவர்கள் தொழில்முறை ஆட்கள், முழுநேரக் கவனிப்பு உண்டு. அந்த நாள் கணக்கை அலுவலகம் போய்வருகிற நாங்கள் இலக்காக வைக்கக்கூடாது. எடுத்துக்கொள்ளவேண்டியது முறையைத்தான்.

ஜிம்மை விடவே இல்லை. பெஞ்ச் பிரஸ், புல்அப் எல்லாம் வழமைபோல. இடது காலுக்கு ஒற்றைக்கால் பயிற்சி தொடர்ந்தது. ஒரு பக்கத்தைப் பயிற்றினால் நரம்பு மண்டலம் வழியாக மற்றப் பக்கத்தின் பலமும் ஓரளவு காப்பாற்றப்படும். சாப்பாட்டைக் குறைக்கவும் இல்லை. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்ற கணக்கில் 75 கிலோ ஆளுக்கு 120 கிராம் வரும். 100 கிராம் சூரை மீனில் 23 கிராம் அளவில் இருக்கிறது, ஒரு முட்டையில் 6. வெள்ளவத்தைச் சந்தையில் சூரை வாங்கிக் குழம்பு வைத்தால் மத்தியானத்துப் பிரச்சினை தீர்ந்தது. இரவில் இடியப்பத்தோடு சொதி மட்டும் என்றால் போதாது, முட்டையும் கடலையும் சேர்த்துக்கொண்டேன்.

பார் ஏறத் தொடங்கி, எல்லாம் சரி என்று நான் நினைத்தபோது அக்கா ஒரு சோதனை வைத்தார். இதுவும் அஸ்க்லிங் சொன்னதுதான். முழங்கால் மடங்காமல் கட்டி, மல்லாந்து படுத்து, காலை நேராக, முடிந்த வேகத்தில் மேலே வீசவேண்டும். இடது கால் ஒரு வீச்சில் போனது. வலது கால் பாதியில் தானாகவே வேகம் குறைந்தது. நோகவில்லை. உள்ளே ஒரு பயம், அவ்வளவுதான். "அந்தப் பயம் போகுமட்டும் ஓட்டமும் இல்லை, கனப் பாரமும் இல்லை" என்றார். எனக்கு அது கோபத்தைத் தரவில்லை, நிம்மதியைத் தந்தது. என் காலை என்னைவிடக் கவனமாக ஒருவர் பார்க்கிறார் என்ற நிம்மதி.

சொல்லிவைக்கவேண்டியது இன்னொன்று. பிடித்த கணத்தில் 'டப்' என்று சத்தம் கேட்டாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ, தசையில் குழி தெரிந்தாலோ, கால் மரத்தாலோ இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம், சில வேளை சத்திரசிகிச்சை தேவைப்படும். அதுவும் நாள் கடத்தாமல் செய்தால்தான் நல்லது.

இப்போது 70 கிலோவில் முழுத்தூரம் இறங்குகிறேன், மறுநாள் காலையில் நோவு பூச்சியம். வீச்சுச் சோதனையில் இரண்டு காலும் ஒன்றுபோல் வருகிறது. நோர்டிக் பயிற்சியைக் கிழமைக்கு இரண்டு தரம் சேர்த்திருக்கிறேன். முழங்காலில் நின்று, குதிக்காலை ஒருவர் பிடிக்க, உடம்பை மெல்ல முன்னால் சாயவிடுவது. ஸ்ட்ரெச் பண்ணச் சொன்ன அதே நண்பன்தான் இப்போது குதிக்காலைப் பிடிக்கிறான். சுதந்திர சதுக்கத்து ஓடுபாதையில் மெதுவோட்டம் தொடங்கிவிட்டது, வேக ஓட்டம் இன்னும் இல்லை. அடுத்த மாதம் அக்கா இரண்டு காலின் பலத்தையும் கருவியில் அளந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வித்தியாசம் இல்லையென்றால் 90ஐத் தொடுவேன். அதுவரை கிழமைக்கு 2.5 கிலோ.