லக்ஸுக்கு மேலே பட்டர்எஃப்எஸ்: மூன்று ராத்திரியைத் தின்ற யூயூஐடி

நேற்று ராத்திரி பதினொன்றேகாலுக்குப் பெட்டி முதல் முறையாக முனகாமல் பூட் ஆனது. இரண்டு 4 டிபி டிஸ்க், ஒவ்வொன்றிலும் தனித்தனி லக்ஸ்2 (டிஸ்கையே பூட்டும் லினக்ஸ் என்கிரிப்ஷன்), அவற்றின் மேல் பட்டர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் (இனி பட்டர்) ரெய்டு1 முறையில், அதாவது எல்லாவற்றுக்கும் இரண்டு டிஸ்கிலும் ஒவ்வொரு பிரதி, அடியில் டெபியன் 12 லினக்ஸ். சொல்ல ஒரு வரிதான். செய்து முடிக்க மூன்று ராத்திரி ஆயிற்று, காரணம் ஒரு யூயூஐடி, அதாவது டிஸ்கையோ அதன் மேலுள்ள அடுக்கையோ அடையாளம் காட்டும் நீண்ட எண்.

லினக்ஸின் எம்டி ரெய்டால் இரண்டு டிஸ்கையும் முதலில் ஒன்றாகக் கட்டி அதன் மேல் ஒரே ஒரு லக்ஸ் போட்டிருந்தால் வேலை பாதியாகியிருக்கும், தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் பட்டரின் கண்ணுக்கு ஒரே டிஸ்க்தான் தெரியும். செக்சம் (தகவல் கெட்டுவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்குமே தவிர, நல்ல பிரதியை இன்னொரு டிஸ்கிலிருந்து எடுத்துச் சரிசெய்ய வழியில்லை. லக்ஸுக்கோ இந்தக் கவலையே கிடையாது. லக்ஸ் வழக்கமாகப் பூட்டும் ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ் முறையில் டிஸ்க் பக்கம் ஒரு பிட் புரண்டால் அது இருக்கும் 16 பைட்டும் குப்பையாகும். அந்தக் குப்பையைச் சத்தமில்லாமல் மேலே அனுப்பிவிடும். பிடிக்க மேலே பட்டர் இருந்தாக வேண்டும், பட்டருக்கு இரண்டு டிஸ்கும் தனித்தனியாகத் தெரிந்தாக வேண்டும். எழுதும்போது எல்லாவற்றையும் இரண்டு தடவை பூட்டுகிறோம் என்பது உண்மைதான். பழைய ஐ5 பிராசசர்தான், ஆனாலும் பூட்டும் வேலைக்கென்றே ஏஇஎஸ்-என்ஐ கட்டளைகள் அதற்குள் இருப்பதால் அது மூச்சுகூட வாங்கவில்லை.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். சிஸ்டம் இருக்கும் ரூட் ஒரு சின்ன எஸ்எஸ்டியில், அதுவும் லக்ஸ். பூட் ஆகும்போது ஒரு தடவை கடவுச்சொல் அடித்தால் போதும், உள்ளே இருக்கும் சாவிக் கோப்பு மற்ற இரண்டையும் திறந்துவிடும். எந்தெந்த லக்ஸைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் கிரிப்ட்டேப் கோப்பில் இரண்டு வரி, எதை மவுன்ட் செய்ய (சிஸ்டத்தோடு இணைக்க) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி. ரீபூட் செய்தால் திரையில் ‘காத்திரு’ என்று காட்டும் அந்தச் சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமுமாக நடை போடுகிறது. ஒன்றரை நிமிடம். அப்புறம் எமர்ஜென்சி மோட், அதாவது பூட் பாதியில் நின்று வெறும் கட்டளைத் திரை.

எமர்ஜென்சி மோடில் இரண்டாவது டிஸ்கை நானே கையால் திறந்து மவுன்ட் செய்தால் ஒரு குறையும் இல்லை! இதுதான் என்னை ஏமாற்றியது. கையால் திறக்கிறதே, அப்படியானால் டிஸ்க் சரி, சாவி சரி, நேரம்தான் பிரச்சினை என்று முடிவு கட்டினேன். சாவிக் கோப்பின் பெர்மிஷனை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். டைம்அவுட்டை 300 விநாடிக்கு ஏற்றினேன். பலன்: ஒன்றரை நிமிடத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடம் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது ராத்திரி யூயூஐடிகளைப் பட்டியலிடும் பிஎல்கேஐடி கட்டளை காட்டியதைக் காகிதத்தில் எழுதி கிரிப்ட்டேப்போடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். முதல் டிஸ்கின் வரியை லக்ஸ் ஃபார்மேட் செய்த கையோடு எழுதியிருந்தேன், அப்போது கண்ணில் பட்டது லக்ஸின் யூயூஐடி மட்டும்தான். இரண்டாவது வரியை எழுதியதோ பட்டரை உருவாக்கிய பிறகு. எல்லாம் திறந்து கிடந்தது. டிஸ்குகளை அடுக்கடுக்காகக் காட்டும் எல்எஸ்பிஎல்கேயில் லக்ஸ் ஒரு வரி, அதற்கு அடியில் பட்டர் ஒரு வரி. நான் அடிவரியைக் காப்பி அடித்திருக்கிறேன்.

அது தப்பான எண்ணாக மட்டும் இருந்திருந்தால் சீக்கிரம் மாட்டியிருக்கும். ரெய்டு1-இல் இரண்டு டிஸ்குக்கும் பட்டர் யூயூஐடி ஒன்றே, சப்-யூயூஐடி மட்டும்தான் வேறு. அதனால் முதல் டிஸ்க் திறந்ததுமே அந்த யூயூஐடி சிஸ்டத்தில் எட்டிப் பார்த்துவிடுகிறது. எமர்ஜென்சி மோடில் பை-யூயூஐடி டைரக்டரிக்குள் தேடினால் அங்கேயே இருக்கிறது! ஆனால் டிவைஸ்கள் வருவதைக் கவனிக்கும் யூடெவ்வின் பட்டர் விதி கெர்னலிடம் (லினக்ஸின் மையம்) ‘எல்லா டிஸ்கும் வந்துவிட்டதா’ என்று கேட்கும். இல்லை என்று பதில் வந்தால் பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி அந்த டிவைஸை ‘இன்னும் தயாரில்லை’ என்றே வைத்திருக்கும். ஆக இரண்டாவது டிஸ்கைத் திறக்கப் பட்டர் முழுதாக வர வேண்டும், பட்டர் முழுதாக வர இரண்டாவது டிஸ்க் திறக்க வேண்டும். சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பீரோ எப்போது திறக்கும் என்று வாசலில் நின்ற கதை.

ஒரு வரியை மாற்றினேன், தீர்ந்தது. எஃப்எஸ்டேப்பில் இரண்டு கிரிப்ட்செட்டப் சர்வீசையும் ரிக்வயர்ஸாகச் சேர்த்திருக்கிறேன், அதாவது இரண்டும் திறந்த பிறகே மவுன்ட். தேவையே இருக்காது, பயத்தில் விட்டுவைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு சும்மா இருக்க முடியுமா? 600 ஜிபி நகலெடுத்ததும் அன்மவுன்ட் செய்துவிட்டு, இரண்டாவது மேப்பரில் (லக்ஸைத் திறந்ததும் தோன்றும் டிவைஸ்) டேட்டா இருக்கும் பகுதியின் நடுவே 200 எம்பி குப்பையை டிடி கட்டளை வைத்துக் கொட்டினேன். மவுன்ட், பிறகு ஸ்க்ரப், அதாவது எல்லாவற்றையும் படித்துச் செக்சம் பார்ப்பது. ஐம்பதாயிரத்துச் சொச்சம் செக்சம் பிழை, அத்தனையும் திருத்தப்பட்டது, திருத்த முடியாதது பூஜ்யம். நடுராத்திரியில் யாரை எழுப்பிக் காட்டுவது? மேப்பர் பெயரை இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள், சாவி விவரம் இருக்கும் லக்ஸ் ஹெடரின் மேல் கொட்டினால் கதை முடிந்தது. ஹெடர் பேக்கப் டிஸ்குக்கு 16 எம்பிதான். பென்டிரைவில் ஒன்று, ஆபீஸ் டிராயரில் ஒன்று வைத்திருக்கிறேன்.

டிஸ்க் வாங்கிய கதை தனி. ரிச்சி தெருவில் ஒரு கடையில் ‘நாஸ் டிஸ்க்தான் சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க’ என்றார்கள், நாஸ் என்றால் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி. கண்ணைத் திறந்து மாடல் எண்ணைத் தேடினால் எஸ்எம்ஆர், அதாவது தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு எழுதும் ரகம். ரெய்டில் ஒரு டிஸ்கை மாற்றிப் போடும் நாளில் அதன் எழுதும் வேகம் அழவைக்கும். தடங்கள் படியாத சிஎம்ஆர் என்று வாய்விட்டுக் கேட்டு, மாடல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டையும் வேறு வேறு பிராண்டாக எடுத்தேன், ஒரே வாரத்தில் இரண்டும் சாக வேண்டாமே.

அடுத்து இன்னொரு ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ்ஸைத் தொட்டுப் பார்க்கும் ஆசை. 2019-இல் வந்த லினக்ஸ் பதிப்பு 0.8 முதல் அதற்குள்ளேயே என்கிரிப்ஷன் இருக்கிறது. ரா சென்ட் முறையில் பூட்டியபடியே அனுப்பலாம், சாவியைக் கொடுக்காமல் மச்சான் வீட்டுப் பெட்டியில் பேக்கப் வைக்கலாம். ஆனால் டேட்டாசெட் (இசட்எஃப்எஸ்ஸுக்குள் பிரிக்கும் தனிப் பகுதி) பெயர்கள் பூட்டப்படாது. ‘கடன்_கணக்கு’ என்று பெயர் வைத்தால் மச்சான் படித்துவிடுவான். கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் இசட்எஃப்எஸ் மாட்யூலைத் திரும்பக் கட்டும் டிகேஎம்எஸ் தொல்லை வேறு. பிகேஷ்எஃப்எஸ் என்ற மற்றொரு ஃபைல் சிஸ்டத்திலும் உள்ளேயே பூட்டு உண்டு, ஆனால் 6.7-இல் கெர்னலுக்குள் வந்தது 6.18-இல் வெளியே போய்விட்டது. அந்தப் பக்கம் நான் போவதாக இல்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது பழைய யூஎஸ்பி டிஸ்கில் இன்னும் 1.1 டிபி போட்டோ நகலெடுக்கப் பாக்கி. மாதமொரு ஸ்க்ரப்புக்கு டைமரும் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.